அது கலவரம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இதழில், 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நடந்ததை 'இனக் கலவரம்' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உணவகத்திலும் கடையிலும் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று பிரித்து வைத்திருந்ததை எதிர்த்து, மே 2-ஆம் தேதி பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள், அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்று பயிற்சி எடுத்த பிள்ளைகள். அன்றைக்கே நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார்கள். மறுநாள், நகரக் காவலுக்குப் பொறுப்பாக இருந்த புல் கானரின் உத்தரவில் தீயணைப்புக் குழாயைத் திருப்பினார்கள், நாய்களை ஏவினார்கள். இங்கே கோத்தகிரியில் காடு எரியும்போது அந்தக் குழாயைப் பிடிக்க வளர்ந்த ஆண்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதைப் போய்க் குழந்தைகள் மேல் அடித்தார்கள் ஐயா! ஓரத்தில் நின்றவர்களில் சிலர் கல் எறிந்தது உண்மைதான். அதனால் மட்டும் அது கலவரம் ஆகிவிடுமா?

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் உங்கள் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அடுத்த இதழில் 'போலீஸ் வன்முறை' என்று திருத்தம் போடுங்கள், அதையும் பக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி