நிறுத்தி வைத்த ரிக் வண்டிகளின் பேட்டரியை அவசரப்பட்டுக் கழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் வெளிமாநில வேலை நின்றதும் திருச்செங்கோட்டுக்குத் திரும்பும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், ஓட்டமின்றி நிற்கின்றன. மறுபடி எடுக்கும்போது செல்ஃப் அடிக்காது. பேட்டரியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால், ஒரு மணி நேரம் சார்ஜரில் போட்டுப் பார்த்துவிட்டு, "சார்ஜ் ஏற மாட்டேங்குதுங்க, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பிழைக்கக்கூடிய பேட்டரிகளும் இவ்வாறு ஈய விலைக்குப் போவது பொறுக்காமலேயே இதை எழுதுகிறேன்.

12 வோல்ட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும், 11.8-க்குக் கீழே இறங்கினால் காலி என்றே கொள்ளலாம். காலியாகவே நெடுநாள் கிடக்கும்போது, தகடுகளில் மென்மையாகப் படிந்திருந்த ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, மின்சாரத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதனால்தான் சார்ஜர் மாட்டிய முதல் சில மணி நேரம் ஆம்பியர் முள் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. 150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 5 முதல் 7 ஆம்பியருக்கு மேல் போகாதபடி வைத்து, ஓரிரு நாள் விட்டுவைத்தால், படிவு கரையக் கரைய முள் மெல்ல ஏறத் தொடங்கும். முள் அசையாத அந்த முதல் மணி நேரத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிவிடுவதுதான் தவறு.

சார்ஜ் போடும் முன் தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் மீதியைப் பிறகு நிரப்பலாம். ஆசிட் ஊற்றவே கூடாது. வண்டியில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் தருவதால் இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் போடுகிறார்கள். அதில் நலிந்தது பின்தங்கிவிடும் என்பதால் தனித்தனியாகப் போடுவதே நல்லது. காற்றோட்டமான இடம் வேண்டும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பேட்டரிச் சூடு 50 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

எல்லா பேட்டரியும் பிழைக்காது என்பதையும், பிழைத்தவற்றிலும் சிலவற்றுக்குப் பழைய பலம் முழுவதும் திரும்பாது என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுதாகச் சார்ஜ் போட்ட பிறகு ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில், பேட்டரியின் ஆறு செல்களில் ஐந்து 1250-ஐத் தாண்டி, ஒன்று மட்டும் 1150-லேயே நின்றால் அந்த செல் முடிந்தது. அப்போது மாற்றுவதுதான் சரி.

உரிமையாளர்கள் வண்டியை நிறுத்தும்போதே நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும். ஜிபிஎஸ் கருவி போன்றவை வண்டி நின்றாலும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகவே இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும் என்பதால் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது அதற்கு ஈடாகாது.

பேட்டரி கடைக்காரர்கள் மெதுவான சார்ஜுக்கு உரிய கூலியைத் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும். ஆனால், ஒரு பேட்டரியைக் கழிப்பதற்கு முன் அதன் ஆறு செல்களின் ஹைட்ரோமீட்டர் அளவையும் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் ஏற்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரிக் உரிமையாளர் ஒருவர்,
திருச்செங்கோடு.