குறுக்கெழுத்து வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாளிதழில் வரும், சொல்விளையாட்டால் விடையை மறைத்துவைக்கும் கிரிப்டிக் குறுக்கெழுத்தில் தேர்ந்த நம் உறுப்பினர்கள், சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி, கருப்பொருளை உள்ளே மறைத்துவைக்கும் ஆங்கிலச் சிறப்புப் புதிர்களை இவ்வாண்டு எடுத்துக்கொண்டார்கள். யார் முதலில் முடிப்பது என்ற போட்டியை விட்டுவிட்டு, ஒரே புதிரமைப்பாளரின் புதிர்களை வாரக்கணக்கில் தொடர்ந்ததே இவ்வாண்டின் பெரும் பயன் என்று கருதுகிறேன். அமைப்பாளரின் கைப்பாங்கு பிடிபட்ட பிறகுதான் இவ்வகைப் புதிர் சுவைக்கிறது.

லண்டன் ‘அப்சர்வர்’ இதழிலிருந்து தொடங்கினோம். அங்கு 1926 முதல் டார்க்கமாடா என்ற பெயரில் புதிரமைத்த எட்வர்ட் பவிஸ் மாத்தர்ஸ் 1939இல் மறைந்ததும், டெரிக் சாமர்செட் மக்னட் ஜிமெனிஸ் என்ற பெயரில் அப்பொறுப்பை ஏற்று, துல்லியமான பொருளும் நேர்மையான சொல்விளையாட்டும் தவிர ஒரு குறிப்பில் வேறெதுவும் இருக்கலாகாது என்ற கட்டுப்பாட்டை வலியுறுத்தினார். 1972இல் வந்த அசெட்டும் அதே வழியினர். மூவரின் புனைபெயர்களும் ஸ்பானிய மத விசாரணைத் தலைவர்களைக் குறிப்பவை. அசெட் மட்டும் டெசா என்ற பெயரைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

‘கார்டியன்’ இதழின் அரௌக்காரியா, அதாவது பாதிரியார் ஜான் கிரஹாம், இக்கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டவர். குறிப்புகளை எண்ணின்றி விடைகளின் அகரவரிசையில் மட்டும் தந்து, விடைகள் கட்டத்தில் எங்கே பொருந்தும் என்பதை நம்மிடமே விட்டுவிடும் அவருடைய புதிர்களை உறுப்பினர்கள் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கினார்கள். தமக்குப் புற்றுநோய் வந்ததை அவர் 2013 ஜனவரியில் ஒரு புதிரின் விடைகள் வழியாகவே வாசகர்களுக்குத் தெரிவித்தார். அதைத் தீர்த்த மாலையில் வேறு புதிரை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை.

ஆஃப்ரிட் என்ற புதிரமைப்பாளர் உருவாக்கிய ‘பிரின்டர்ஸ் டெவில்ரி’ வகையைத் தமிழிலும் முயன்றோம். ஒரு வாக்கியத்தினுள் மறைந்திருக்கும் விடையை உருவி எடுத்து, எஞ்சிய எழுத்துகளைச் சேர்த்து, இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் மாற்றிவிட வேண்டும். ‘பல பட்டம் வேண்டாம்’ என்று ஓர் உறுப்பினர் குறிப்பு எழுதினார், ‘பலமா? தம்பட்டம் வேண்டாம்’ என்பது மூலம், ‘மாதம்’ என்பது விடை. உயிர்மெய் எழுத்துகள் இதற்கு இடங்கொடுக்குமா என்று ஐயுற்றவர்களுக்கு இதுவே போதிய விடையாயிற்று.

1930இல் ‘லிசனர்’ இதழில் தொடங்கி, 1991 முதல் ‘டைம்ஸ்’ இதழில் வரும் வாராந்தரப் புதிரை நாம் இன்னும் போதிய அளவு தொடவில்லை. கட்டங்களை நிரப்பிய பிறகும் கருப்பொருளைக் கண்டுபிடித்து, சில வேளைகளில் கட்டத்தையே மாற்றி எழுத வேண்டியிருப்பதால் அதற்கு முழு மாலையும் தேவைப்படுகிறது. எனவே வரும் ஆண்டில் மாதம் ஒரு கூட்டத்தை அதற்கே ஒதுக்கவும், தமிழ்க் குறிப்புகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்கு அனுப்பவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்விரு பரிந்துரைகளுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்