இரண்டு ஆர், அப்புறம் ஒரு எச்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கச்சான் காற்று தூக்கி அடிக்கிறது, அப்பா தென்கடல் பக்கமே போகவில்லை. தம்பிக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சித்தி மகள் கல்யாணம் ஆவணியில் வைத்திருக்கிறார்கள், அதை அப்புறம் சொல்கிறேன்.

போன் பண்ணினால் "டியூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வு, அந்த ஓ.இ.டி. எழுதப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து தம்பியின் பழைய நோட்டு ஒன்றில் உனக்காக ஆங்கில வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். ஒரே எழுத்துகள் வருகிற வார்த்தைகளை ஒரே பக்கத்தில் எழுதினேன். பி.எஸ்சி. நர்சிங் படித்தவளுக்கு கிராம நர்சுக்கான ஏ.என்.எம். படித்த அம்மா என்ன சொல்லித் தருவது என்று நினைக்காதே. ரிட்டையர் ஆகும்வரை இந்த வார்த்தைகளோடுதான் நானும் ஊர் ஊராக நடந்தேன்.

முதல் பக்கம் ஐ-டி-ஐ-எஸ் என்று முடிகிறவை. அந்த நான்கு எழுத்து கடைசியில் வந்தால் அந்த இடத்தில் அழற்சி, அதாவது சிவந்து வீங்கி வலிக்கிறது என்று அர்த்தம். ஆர்த்ரைட்டிஸ் மூட்டு, கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை, ஹெப்படைட்டிஸ் கல்லீரல், கஞ்சங்டிவைட்டிஸ் நம் மெட்ராஸ் ஐ. டெர்மடைட்டிஸ் தோல். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற அக்காமார் விரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவார்களே, கரையேறி அந்தத் துணியை அவிழ்க்கும்போது பார்த்திருக்கிறாயா? விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்து, பாறை கீறிய கோடுகளில் உப்பு ஏறி இருக்கும். டெர்மடைட்டிஸ் என்று எழுதும்போது எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. நீயும் ஒவ்வொரு வார்த்தைக்கும் நீ பார்த்த நோயாளி ஒருவரை நினைத்துக்கொள். வெறுமனே மனப்பாடம் செய்தது தேர்வு ஹாலில் ஓடிப்போகும்.

அடுத்த பக்கம் டி-ஓ-எம்-ஒய். இதில் கவனமாக இரு. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிடுவது. ஹிஸ்டரெக்டமி கர்ப்பப்பையை, டான்சிலெக்டமி தொண்டைச் சதையை. வெறும் ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது மட்டும்தான், வயிற்றைத் திறக்கிற லேப்ராட்டமி மாதிரி. நடுவில் ஒரு எஸ் சேர்ந்து ஆஸ்டமி ஆகிவிட்டால் வெளியே ஒரு வாய் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பெருங்குடலுக்கு வயிற்றில் வைத்துப் பை மாட்டுவது கொலாஸ்டமி, மூச்சுக்குழாய்க்குக் கழுத்தில் வைப்பது ட்ரக்கியாஸ்டமி. ஒரு எஸ் விட்டுப்போனால் நோயாளியின் வயிற்றில் பை இருக்கிறதா இல்லையா என்பதே மாறிப்போகும். பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷனை டியூபெக்டமி என்று இங்கே கேம்புக்குக் கேம்பு சொல்லிப் பழகிவிட்டோம். பிரிட்டனில் ஸ்டெரிலைசேஷன் என்று சொல்வார்களாம், அப்படியே எழுது.

ஒரே ஒரு எழுத்து மாறுகிறவற்றைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். நடுவில் இ வந்தால் இலியம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, ஐ வந்தால் இடுப்பெலும்பு. காதில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும், எழுதும்போதுதான் பிரியும். ஜி போட்டு டிஸ்ஃபேஜியா எழுதினால் விழுங்க முடியவில்லை, அதே இடத்தில் எஸ் போட்டு டிஸ்ஃபேசியா எழுதினால் பேச்சு வரவில்லை. விழுங்க முடியாதவருக்குப் பேச்சுதான் வரவில்லை என்று எழுதி வைத்துவிட்டால், அடுத்த ஷிப்ட் நர்ஸ் தைரியமாகக் கஞ்சி ஊட்டிவிடுவாள், அது மூச்சுக்குழாயில் போகும். ஹைபோ என்றால் குறைவு, ஹைபர் என்றால் அதிகம். ஹைபோகிளைசீமியாவில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்குகிறவருக்கு, அவசரத்தில் ஹைபர் என்று எழுதினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவசரப்படாதே. எழுதியதை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படி. நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வெறும் டீயோடு படுக்காதே.

ஆர்-ஆர்-எச் பக்கம் எனக்கு ரொம்ப முக்கியம். டயரியா வயிற்றுப்போக்கு, ஹெமரேஜ் ரத்தப்போக்கு, ஹெமராய்ட்ஸ் மூலம். எல்லாவற்றிலும் இரண்டு ஆர், அப்புறம் ஒரு எச். டயரியாவில் எச் முடிந்ததும் ஓ-இ-ஏ. அமெரிக்காக்காரர்கள் அந்த ஓ-வை விட்டுவிடுவார்கள். எப்படி எழுதினாலும் கடிதம் முழுக்க ஒரே மாதிரி எழுது. ஹெமரேஜ் என்ற வார்த்தையை நான் ஒரு ராத்திரியில் எழுதியிருக்கிறேன். நீ அப்போது சின்னப்பிள்ளை, பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். கடற்கரைக் குடிசையில் பிரசவம் முடிந்து நஞ்சும் விழுந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. 500 மில்லிக்கு மேல் போனாலே பி.பி.எச்., அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய ஹெமரேஜ் என்று கணக்கு, அந்தப் பெண்ணுக்குப் பாய் முழுக்க நனைந்துவிட்டது. ஒரு கையால் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே மற்றக் கையால் சீட்டு எழுதினேன். என்ன நோய், எத்தனை மணிக்குப் பிரசவம், பல்ஸ், பிரஷர், போட்ட ஊசி, அவ்வளவுதான். சீட்டைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் ஒன்றும் கேட்காமல் ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெண் பிழைத்து, இன்றைக்கும் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் நண்டு நிறுத்துப் போட்டுவிட்டுக் காசு வாங்கமாட்டேன் என்று நிற்கிறாள்.

நீ தேர்வில் எழுதுகிற கடிதமும் அதே சீட்டுதான் பாப்பா. 45 நிமிஷம், அதில் 5 நிமிஷம் படிக்க, 180 முதல் 200 வார்த்தை. நோயாளியை யாரிடம் ஒப்படைக்கிறோமோ அவருக்கு என்ன தெரிய வேண்டும், அது மட்டும். நீ எட்டாம் வகுப்பிலேயே நியூமோனியாவுக்கு முன்னால் ஒரு பி உண்டு என்று டீச்சரைத் திருத்திவிட்டு வந்தவள். அன்றைக்கு அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். உனக்கு எழுத வராது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

எழுத வந்த காரணத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதானே அந்தத் தேர்வில் கேட்கிறார்கள். நான் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னோடு எழுதிய பிள்ளையின் அம்மாவைத் தங்கச்சிமடத்தில் பார்த்தேன். ரிசல்ட் வந்துவிட்டது என்றார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் அழுதுவிடுவாயோ என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு இதில்தான் வருத்தம். பெற்றவளிடம் சொல்ல முடியாத மார்க் என்று ஒன்று உண்டா? பத்தாம் வகுப்பு கணக்குப் பேப்பரைக்கூட அரிசிப் பானையில் ஒளிக்காமல் நேரே என் கையில் கொடுத்தவள் நீ. சங்கிலி பேங்கில் இருக்கிறதே என்று யோசிக்கிறாயா? அது பத்திரமாக இருக்கிறது. எனக்கு இந்த வயதில் சங்கிலி போட்டுக்கொண்டு போக எந்த ஊர் இருக்கிறது. அதை வைத்தது நான், மீட்பதும் நான்தான். அந்தக் கணக்கை நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

ரைட்டிங்கில் போயிருந்தால் போகட்டும். பிரிட்டன் நர்சிங் கவுன்சில் ரைட்டிங்குக்கு சி பிளஸ், அதாவது 300 வந்தால் போதும் என்கிறது, கேட்பது, படிப்பது, பேசுவது என்று மற்ற மூன்றுக்கும் பி, 350. 12 மாதத்துக்குள் இரண்டாம் தடவை எழுதினால் இரண்டு தடவை வாங்கியதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தம்பி போனில் எடுத்துக் காட்டினான், நானே படித்தேன். கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. உனக்கு இது முன்பே தெரிந்திருக்கும், தெரிந்தும் பேசாமல் இருக்கிறாய் என்றால் வேறு ஏதாவது இருக்கிறதா? வார்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா? எதுவானாலும் சொல். பாஸ் ஆகியிருந்தாலும் சொல், ஊரை விட்டுப் போவதை எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறாயோ என்றும் ஒரு ராத்திரி நினைத்தேன்.

இரண்டு நாள் ஆஃப் சேர்த்துக் கேட்டு வா. புதுப் பாலம் திறந்த பிறகு தாம்பரத்தில் ஏறினால் ராமேஸ்வரம் வரை ரயில் வருகிறது, முன்போல மண்டபத்தில் இறங்கி பஸ் தேட வேண்டாம். நோட்டை நீ வரும்போது தருகிறேன், தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. வர முடியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் பண்ணு, அப்பாவும் வீட்டில் இருப்பார். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படு.

இப்படிக்கு,
அம்மா
பாம்பன்