வால் வீசும் வண்டிக்கு

அன்புள்ள பாப்பா,

உன் ரிமோட் கன்ட்ரோல் பக்கி (மண் தரையில் ஓட்டுகிற சின்னப் பந்தய வண்டி) வளைவில் வால் வீசுகிறது, அதாவது பின்பக்கம் வழுக்கிச் சுற்றுகிறது என்று நீ அனுப்பின வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மோட்டாரை மாற்றலாமா, ஜைரோ (வண்டி சறுக்கினால் ஸ்டியரிங்கைத் தானாகத் திருத்துகிற கருவி) வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம்மா. உன் பக்கிக்குப் பவர் நிறையவே இருக்கிறது, பின் டயருக்குப் பிடிப்புதான் இல்லை. ஜைரோ போட்டால் வண்டி நேராகப் போகிற மாதிரி இருக்கும், ஆனால் கோளாறு உள்ளேயே இருக்கும், பல போட்டிகளில் அதை அனுமதிப்பதும் இல்லை.

வளைவில் எந்த இடத்தில் வால் வீசுகிறது என்று கவனித்தாயா? வீடியோவில் ரெண்டு இடத்தில் வீசுகிறது, ரெண்டுக்கும் காரணம் வேறு. வளைவை விட்டு வெளியே வரும்போது த்ராட்டிலை (ரிமோட்டில் வேகத்துக்காக விரலால் இழுக்கிற விசை) இழுத்ததும் சுற்றினால், டயர் தாங்குகிற அளவுக்கு மேல் பவர் போகிறது என்று அர்த்தம். உள்ளே நுழையும்போது, நீ விரலைத் தளர்த்திய உடனேயே சுற்றினால் அது பிரேக்கின் வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் பிரேக் நாலுக்கும் போகும், உன்னுடையது பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, அதில் பிரேக்கும் பின்னால் மட்டும்தான், அதுவும் எடை முழுக்க முன்பக்கம் சாய்ந்து பின் சக்கரம் லேசாக இருக்கிற நேரம் பார்த்து. ஈஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தையும் பிரேக்கையும் கட்டுப்படுத்துகிற மின்னணுப் பெட்டி) டிராக் பிரேக் என்று ஒன்று இருக்கும், த்ராட்டிலை விட்டாலே தானாகப் பிடிக்கும், அதை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டு வா. பக்கத்திலேயே பஞ்ச் இருக்கும், த்ராட்டிலை இழுத்ததும் பவர் எவ்வளவு சட்டென்று பாய வேண்டும் என்பதற்கு, அதையும் இறக்கி வை. இதற்குக் காசும் ஆகாது, ஸ்குரூடிரைவரும் வேண்டாம்.

அப்புறம் டயர். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் டயருக்குச் சமம் ஆகாது என்பது என் எண்ணம். பின் டயரின் முள்ளை விரலால் தடவிப் பார், முனை மழுங்கியிருந்தால் மாற்றிவிடு. முன்னால் புதுசும் பின்னால் தேய்ந்ததும் போட்டு மட்டும் ஓட்டாதே, மூக்கு சட்டென்று திரும்பிவிடும், வால் பின்னாலேயே நிற்காது. தூசி படிந்திருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஈரத்துணியால் துடை.

இதற்குப் பிறகும் வீசினால் சஸ்பென்ஷனுக்குப் போகலாம். நாலு ஷாக்கையும் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த அதிர்வு தாங்கி) கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் ஆர்மை ஒவ்வொன்றாகத் தூக்கி விடு. தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். நடுவில் சிக்கி நின்றால் அந்த ஆர்மைக் கோத்திருக்கிற கம்பியில் மண்ணோ வளைவோ இருக்கிறது, அதைச் சரி செய்யாமல் ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. ஷாக்கை மாட்டி, பேட்டரியோடு வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து மேஜையில் விட்டுப் பார். அது ஆடி அடங்கின பிறகு பின் சக்கரங்களைச் சுழற்றுகிற கம்பிகளான டிரைவ் ஷாஃப்ட் ரெண்டும் ஏறக்குறைய கிடைமட்டமாக இருந்தால் உயரம் சரி, இல்லையென்றால் ஷாக்கில் ஸ்பிரிங்கைத் தாங்குகிற வளையமான காலரைத் திருகு, இடமும் வலமும் ஒரே அளவு.

பின் சக்கரத்துக்கு டோ-இன் (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே திரும்பியிருப்பது) ஒவ்வொரு பக்கத்துக்கும் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி சாய்ந்திருப்பது) உள்பக்கமாக 1 டிகிரி, இதிலிருந்து ஆரம்பி. டோ-இன்னைக் குறைத்தால் நேர்ப்பாதையில் கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே, வால் வீசுகிற வண்டிக்கு அது ஆகாது. இன்னும் பிடிப்பு வேண்டுமென்றால் பின்னால் ஒரு படி மென்மையான ஸ்பிரிங் போடு, இல்லை பேட்டரியைப் பின்பக்கம் தள்ளி வை. ரொம்பத் தள்ளினால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும், அப்போது கொஞ்சம் முன்னால் கொண்டு வந்துவிடு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பாப்பா. ஸ்பிரிங்கும் டயரும் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினாலும், எதனால் ஓடியது என்று உனக்குத் தெரியாது. மாற்றினதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை, அன்று தரை ஈரமா காய்ந்திருந்ததா என்பதையும் சேர்த்து.

டிராக் பிரேக்கை எடுத்துவிட்டு அதே வளைவில் ஓட்டி வீடியோ அனுப்பு. இந்த முறை பக்கவாட்டிலிருந்து எடு, நீ விரலை விடும்போது பின்பக்கம் எவ்வளவு எழும்புகிறது என்று நான் பார்க்கணும். டயரையும் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா