மோல்மீன் நண்பனுக்கு, பழைய பாடப்புத்தகம் திறந்த கதை

அன்பு நண்பா,

சுகமா இருக்கியா, அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? இங்க ரங்கூன்ல எல்லாரும் நல்லாருக்கோம், பெரியவளுக்கு தை மாசம் கல்யாணம் பேசியிருக்கு, தேதி குறிச்சதும் மொத பத்திரிகை உனக்குத்தான். கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியல, வர்ற நேரம்தான் நமக்கு வேலை நேரம்.

நம்ம பழைய தமிழ்ப் பாடப்புத்தகம் திறக்குமான்னு நீ போன்ல கேட்டியே, பக்கம் வடிவமைக்குற அந்தக் காலத்து பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்ல செஞ்ச ஃபைல் எல்லாம் திறந்துருச்சுடா! கோயில் தமிழ் வகுப்புக்காக வாத்தியார் கையால எழுதிக் குடுத்தத நாம ராத்திரி ராத்திரியா உக்காந்து டைப் அடிச்சோமே அதேதான். 1965ல பள்ளிக்கூடத்த எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு நம்ம பிள்ளைங்களுக்கு தமிழ் கோயில்லயும் வீட்லயும்தான், அதனால அந்தப் புத்தகம் போச்சுன்னா எனக்கு மனசே ஆறாது. பேஜ்மேக்கருக்கு பதிலா இப்ப வர்ற இன்டிசைன் அந்த ஃபைல திறக்காது, அதோட பழைய சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் திறக்கும். அதான் புது லேப்டாப்புக்குள்ள விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதாவது கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுற மெஷின உண்டாக்குற சாஃப்ட்வேர், அதுக்குள்ள பேஜ்மேக்கர் ஓடுற நம்ம பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிடிய ஏத்தலாம்னு இறங்கினேன்.

மொதல்ல மெஷின் ஸ்டார்ட்டே ஆகல, விடி-எக்ஸ், அதாவது இந்த மாதிரி மெஷின ஓட்ட ப்ராசஸர் குடுக்குற வசதி, பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்ஸ்ல) ஆஃப்ல இருக்குன்னு எரர். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1ல இருந்து அது இல்லாம ஓடவே ஓடாது, 32 பிட் எக்ஸ்பியா இருந்தாலும் சரி. பயாஸ்ல போய் விர்ச்சுவலைசேஷன ஆன் பண்ணதும் அது முடிஞ்சுது.

அடுத்ததுதான் பெரிய தலைவலி. சிடி ஓடி, நீல ஸ்க்ரீன்ல ஃபைல் எல்லாம் லோடு ஆகி, கடைசில உங்க கம்ப்யூட்டர்ல ஹார்டு டிஸ்க்கே இல்லைன்னு சொல்லி நின்னுருச்சு. டிஸ்க் பழுதோன்னு புதுசா ஒண்ணு உண்டாக்கிப் பாத்தேன், அதே பதில். அப்புறம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கத்த நிதானமா படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. தம்பி பையன் மெஷின விண்டோஸ் 10 வகைன்னு உண்டாக்கிக் குடுத்திருந்தான், அந்த வகைக்கு டிஸ்க்க சாட்டா ஏஹெச்சிஐங்கிற புது மாதிரி கன்ட்ரோலர்ல மாட்டிரும். எக்ஸ்பி வந்தது 2001ல, ஏஹெச்சிஐ வந்தது 2004ல, அப்ப அந்த சிடியில அதுக்கு டிரைவர் எப்படி இருக்கும், சர்வீஸ் பேக் 3 சிடியிலயும் கிடையாது. மெஷின ஆஃப் பண்ணிட்டு, டிஸ்க்க சாட்டால இருந்து கழட்டி, ஐடிஇங்கிற பழைய மாதிரி கன்ட்ரோலர் ஒண்ணு சேத்து, பிஐஐஎக்ஸ்4னு வகை குடுத்து, டிஸ்க்கையும் சிடியையும் அதுல மாட்டுனேன், உடனே டிஸ்க் தெரிஞ்சுருச்சு. நீ செய்யும்போது மெஷின் உண்டாக்குறப்பவே விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்னு குடு, அதுவே ஐடிஇல வச்சுக்கும், இஎஃப்ஐன்னு புது மாதிரி பூட் முறைக்கு டிக் இருந்தா எடுத்துரு. காப்பி முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆகும்போது சிடியில பூட் பண்ண எதாவது கீ அமுக்குன்னு கேக்கும், அப்ப கைய வைக்காத, அமுக்குனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

ஏத்தி முடிச்சதும் விர்ச்சுவல்பாக்ஸோடயே வர்ற கெஸ்ட் அடிஷன்ஸ்ங்கிற துணை சாஃப்ட்வேர போட்டு, ஸ்க்ரீன் அளவும் ஷேர்டு ஃபோல்டரும் சரியானதும், மெஷின ஒழுங்கா ஷட் டவுன் பண்ணி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுட்டேன், கெட்டுப்போனா அந்த நிலைமைக்கே திரும்பிக்கலாம், நம்ம ஊர் கரண்டுக்கு அது ரொம்ப அவசியம்டா. நெட்வொர்க் கேபிள் டிக்க எடுத்துரு, 2014 ஏப்ரல் 8ஓட எக்ஸ்பிக்கு அப்டேட் நின்னுபோச்சு, நமக்கு அதுல இன்டர்நெட் எதுக்கு.

ஃபைல் திறந்தா ஃபாண்ட் இல்லன்னு பேஜ்மேக்கர் கேக்குது. பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட் என்கிட்ட இருந்துச்சு, போட்டதும் வாத்தியாரோட மொத பாடம் அப்படியே வந்து நின்னுச்சு, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. பாமினி இல்லாம பாத்தா தமிழ்ங்கிற எழுத்து ஜே கே பி ஓ செமிகோலன்னுதான் தெரியும், அதனால டெக்ஸ்ட்ட வெளிய எடுத்து, எந்தக் கருவியிலயும் தெரியுற யூனிகோடு எழுத்து முறைக்கு மாத்திக்கிட்டே வர்றேன், பிள்ளைங்க போன்லயே படிக்கட்டும்.

பாக்கி பாடத்துல இருக்குற பர்மிய அர்த்தம்தான். அது வின் இன்வாங்கிற பழைய பர்மிய ஃபாண்ட்ல அடிச்சது, என்கிட்ட அந்த ஃபாண்ட் இல்ல. 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுக்கு மாறுனதுக்கு அப்புறம் பழைய ஃபாண்ட வச்சிருக்க ஆளே குறைஞ்சு போச்சு, நெட்ல வேற பேர்ல கிடைக்குறத நம்பிப் போட மனசு வரல, ஒரு எழுத்து மாறுனாலும் அர்த்தம் தப்பாயிரும். உன் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகுதுல்ல, இந்த வாரமே விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்குற ஃபாண்ட்ஸ் ஃபோல்டர முழுசா காப்பி பண்ணு, ரெண்டாம் புத்தகம் ஃபைலையும் சேத்துக்க. பென்டிரைவ பஸ்ல வர்ற தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துவிட்டு எனக்கு போன் அடி, இங்க ஆங் மிங்கலா பஸ் ஸ்டேண்டுக்கு நானே போய் வாங்கிக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்