திரும்பி வந்த டிக்கெட்

கார்ல்டன் கால்பந்துக் கழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1908 உங்களுக்குக் கோப்பை ஆண்டு. இறுதி ஆட்டத்தில் எஸ்ஸெண்டனை 9 புள்ளி வித்தியாசத்தில் வென்று, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் விக்டோரியன் லீகில் தொடர்ந்து மூன்று கோப்பை வாங்கிய முதல் அணி ஆனீர்கள். எனக்கு அந்த ஆண்டு என்றால் வாலி கூச்சூதான். சீன வம்சாவளிக்காரர். உங்கள் அணிக்கு ஆடியது நான்கே ஆட்டம்.

அவரைச் சேர்த்தது பிடிக்காமல் கழக உறுப்பினர் ஒருவர் தன் உறுப்பினர் டிக்கெட்டைக் கழகத்துக்கே திருப்பி அனுப்பினார். வெள்ளையர் அல்லாதவரை நாட்டுக்குள் விடாத 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கைக்கு இது ஆகாதாம். அந்தக் காலம் அப்படி. 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, கப்பலில் வந்து இறங்குபவரிடம் அதிகாரி ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்லி எழுதச் சொல்லலாம். எழுதத் தெரியாவிட்டால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான். துறைமுகத்தில் நடந்த அந்தக் கெடுபிடியை டிக்கெட்காரர் மைதானத்துக்கும் கொண்டுவரப் பார்த்தார்.

என் மனக்குறை இதுதான்: கூச்சூவின் பெயர் வரும் இடமெல்லாம் இந்த டிக்கெட் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆடிய மனிதர் பின்னால் போய்விடுகிறார்.

நான்கு ஆட்டம்தானே என்பீர்கள். சரி, எந்த அணியில்? அந்த சீசனில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்ற அணியில். ஆட்களைத் தேய்த்து எடுக்கும் பயிற்சியாளர் ஜாக் வொராலின் கையில். இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் கிரிக்கெட் ஆடிய அதே வொரால்தான். அப்புறம் இன்னொன்று: அன்று ஓர் அணிக்கு 18 பேர், அவ்வளவுதான். பத்தொன்பதாவதாக ஓர் ஆளை உட்கார வைக்கும் ஏற்பாடே 1930-இல்தான் வந்தது. பெயர் வந்துவிட்டால் கடைசி மணி அடிக்கும்வரை களத்தில் நிற்க வேண்டும். முழங்கால் பிசகினால் நொண்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஓரத்தில். சும்மா பெஞ்சைத் தேய்த்துவிட்டு 'நானும் ஆடினேன்' என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

டிக்கெட் கதையை மறைக்கச் சொல்லவில்லை. அது நடந்தது, நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 1908 பற்றி இனி ஒரு பலகையோ பக்கமோ எழுதினால், முதல் வரியில் கூச்சூவின் பெயரும் நான்கு ஆட்டமும் இருக்கட்டும். டிக்கெட்காரருக்கு அடியில் சின்ன எழுத்து போதும். பந்தை உதைத்தவர் அவர் இல்லையே.

அன்புடன்,
உங்கள் பழைய ஆட்டங்களைத் தேடிப் படிக்கும் ஒரு ரசிகன்