சாயம் கலந்த பொதுக்கிணற்று நீரை நுண்துளை சிலிக்கா கொண்டு சுத்திகரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரைப் பொதுக்கிணற்றை நம்பியிருக்கும் குடும்பத்தினர் சார்பாக, ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பார்வை: குறைதீர்க்கும் நாளில் நேரில் அளித்த எங்கள் மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அணையில் சாயத்தண்ணீர் தேங்கிய வரலாற்றையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் தாங்கள் நன்கறிவீர்கள். ஆகவே நேராக எங்கள் கிணற்றுக்கு வருகிறேன்.

1. ஓடையில் சாயநீர் வரும்போதெல்லாம் இரண்டொரு நாளில் கிணற்று நீர் சிவக்கிறது.

2. லாரித் தண்ணீர் மனிதர்களுக்கே பற்றவில்லை. எங்களை வாட்டுவது மாடுகளின் தாகம். கிணற்று நீர் நிரப்பிய தொட்டியருகே வரும் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, இரவெல்லாம் கட்டுத்தறியில் நின்று கத்துகிறது. தொட்டி அழுக்காக இருப்பதால்தான் குடிக்கவில்லை என்று எண்ணி, ஒரு மூதாட்டி நாள்தோறும் விடியலில் அதைத் தேங்காய் நாரால் தேய்க்கிறார். தொட்டிச் சுவரில் படிந்த சிவப்புக் கோடு போகவில்லை, மாடும் குடிக்கவில்லை. கறவை வற்றிய மாடுகளை விற்றவர்களும் உண்டு.

3. அரிசி ஆலை உமிச்சாம்பலில் பெரும்பகுதி, மணலில் இருக்கும் அதே சிலிக்காதான். அதைக் காரத்தில் கரைத்து, நுண்துளைகள் கொண்ட பொருளாக மீண்டும் உருவாக்கலாம். அவ்வகையில் சிறந்தவற்றின் ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு உண்டு, சாயம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சாதாரண நீரில் சிலிக்காவின் பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மையுடையதே என்பதால் இரண்டும் விலகும். ஆகவே நீரில் நேர்மின் தன்மை பெற்றுச் சாயத்தை ஈர்க்கும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தைப் பரப்பில் பிணைத்த சிலிக்காவே வேண்டும். வெறும் சாம்பலைக் கொட்டிப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று கோப்பை மூடிவிடாதீர்கள், ஐயா.

4. சாயக்கழிவோடு வரும் உப்பை இந்தச் சிலிக்கா பிடிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நிறத்தோடு உப்பையும் அளந்து பார்த்து, மாட்டுக்கு ஆகாத அளவு இருந்தால் தொட்டிக்கும் லாரித் தண்ணீர் தரவேண்டும். சாயம் ஏறிய சிலிக்காவை ஓடைக்கரையில் கொட்டவும் கூடாது.

5. மூன்று மனுக்களுக்கும் ரசீது எங்களிடம் உள்ளது, பதில்தான் இல்லை. ஒவ்வொரு முறையும் "அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். எங்கே அனுப்பினார்கள், யார் மேசையில் கிடக்கிறது என்பதை எங்களிடம் எவரும் சொல்லவில்லை. நீர் மாதிரி எடுக்க ஒரு புட்டியோடு ஒருவர் வருவதற்கு இத்தனை நாள் வேண்டுமா? மாடு மனு எழுதாது, ஐயா. அதற்காகத்தான் நாங்கள் எழுதுகிறோம், மறுபடியும் எழுதுகிறோம்.

ஓடையில் சாயம் விடுவதை நிறுத்தவும், கிணற்று நீரைச் சோதிக்கவும், அமீன் பிணைத்த சிலிக்கா வடிகட்டி ஒன்றைத் தொட்டியருகே சோதனையாக அமைக்கவும் பணிவுடன் வேண்டுகிறோம். ஒருமுறை, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் மாலை நேரத்தில், தாங்களே நேரில் வந்து பார்க்க வேண்டும் என மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிணற்றடிக் குடும்பத்தினர்